காலி இடத்தில் உட்கார்ந்தவள்

என் கண்ணான மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் குறட்டை எங்களைவிடச் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்க வேண்டும், போனில் "ம்" மட்டும் சொல்கிறவனைப் பற்றி வேறென்ன நினைப்பது.

உன் அம்மா பள்ளிக்கூடத்தில் மூக்குடைபட்ட கதையைக் கேள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளில் அபாரக் கெட்டிக்காரர் ஒருவரைப் பரீட்சை வைத்துப் பிடித்து, பெரிய பள்ளியில் செலவில்லாமல் சேர்க்கப் போகிறார்களாம். பரீட்சைக்கு ஆள் பொறுக்கும் வேலை எனக்கு. மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற என்னிடம்! சட்டை கசங்காதவன், கையெழுத்து அழகானவன் என்று தையல்காரர் மகனை முதலில் பிடித்தேன், வகுப்பில் அவனுக்குப் பெயரே கலெக்டர். பரீட்சையன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். காலி இடம் பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று, எப்போதும் தூங்கி வழிவதால் கொட்டாவி என்று பெயர் வாங்கிய பெண்ணைக் கலெக்டர் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரித் துப்புரவு வேலை, கைக்குழந்தைத் தம்பியை விடிய விடியத் தூக்கி வைத்திருப்பது இவள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும், அதுவரை சோம்பேறிப் பட்டம்தான் கொடுத்திருந்தேன்.

கலெக்டர் முதல் மார்க், கொட்டாவியின் தாள் பாதி வெள்ளை. நான் பீற்றிக்கொண்டு, ஹெட்மாஸ்டர் முன்னால் கலெக்டரை ஒரு கணக்கைப் போட்டுக் காட்டச் சொன்னேன். அவன் சாக்பீஸைக் கடித்துவிட்டு, அத கொட்டாவிகிட்ட கேளுங்க டீச்சர், அவதான் சொல்லிக் குடுத்தா என்றான். அவளைக் கூப்பிட்டு, உன்னுடையதை ஏண்டி எழுதவில்லை என்றேன். அவன் அழுதான் டீச்சர், நான் அழல, அவனுக்குச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க என்கிறாள்! காப்பி அடித்த ரெண்டும் வெளியே போகட்டும், அந்த இலவச இடத்தையும் பக்கத்துப் பள்ளிக்கே கொடுத்துவிடலாம் என்று ஹெட்மாஸ்டர் குதித்தார். முதலில் என்னை வெளியே அனுப்புங்கள், அவளைப் பட்டியலிலேயே சேர்க்காத மேதை நான்தான் என்றேன். அதில் அவருக்கு மறுப்பே இல்லை, மறு பரீட்சைக்குச் சம்மதித்தார்.

தனித்தனி அறையில் எழுதினார்கள். அவள் இடுப்பில் தம்பியோடு வந்ததால் குழந்தையை ஹெட்மாஸ்டர் வாங்கிக்கொண்டார், அது அவர் சட்டையை நனைத்தது, அவர் வராந்தாவில் தாலாட்டு பாடினார், உன் அப்பாவின் குறட்டையே தேவலாம். நேற்று முடிவு வந்தது. இடம் அவளுக்குத்தான். சொன்னதும் துள்ளுவாள் என்று பார்த்தால், நேராகக் கலெக்டரிடம் போய், இனிமே அழுதா நான் இருக்க மாட்டேன், வா, இப்பவே கத்துக்கோ என்று அவன் நோட்டைப் பிடுங்கி உட்கார்ந்துவிட்டாள். அங்கே டீச்சர் அவள்தான், வகுப்பு எடுக்க இடமில்லாமல் நான் வாசலில் நின்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி தலை ஈரத்தோடு படுக்காதே, நூறு வயது நன்றாயிரு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே, "ம்" தவிர வேறு வார்த்தையும் கொண்டு வா.

ஆசிகளுடன்,
உன் அம்மா