பாட்டு நின்ற இடம்

மாசாய்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மருமகள் சாந்தினிக்கு, மாசாயிலிருந்து அத்தை சந்திரமதி எழுதுவது. பாலோவில் நீயும் அம்மாவும் அப்பாவும் நல்லபடியாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மழை வந்தால் முட்டி வலிக்கிறது, மழை நின்றால் அதுவும் நின்றுவிடுகிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போன் போட்டால் நீ "பசியாறிட்டீங்களா அத்தை" என்பாய், நான் "ஆச்சும்மா" என்பேன், அதோடு வைத்துவிடுவோம். எட்டு மாதமாக அப்படித்தான். எழுதினால்தான் சொல்ல வந்ததைச் சொல்வேன் என்று நோட்டில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள் நான். தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

போன மாதம் உன் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். குளுவாங்கிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்களாம். நல்ல மாதிரி ஆளாம், எல்லாம் தெரிந்துதான் வந்தாராம். ஆனால் நீ, "அத்தைகிட்ட ஒரு வார்த்த கேக்காம நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்று பிடிவாதமாக நிற்கிறாயாம். நான் "பாக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் பிள்ளை ரூபன் அந்தப் பாலத்துச் சடக்கில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து போய்ச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லையே என்று இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் அலமாரியைத் திறந்து உங்கள் கல்யாண சிடியை எடுத்தேன். இவள் மறந்தால் மறக்கட்டும், நானாவது அவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வீம்பு. அவன் குரலைக் கேட்க வேண்டும் போல் இருந்தது. போனில் அவன் பேசி அனுப்பியதெல்லாம் என் பழைய போனோடு போய்விட்டது. இன்னொன்றும் உண்டு. அவன் உனக்குத் தாலி கட்டியதை நான் பார்த்ததே இல்லை. சிடி வந்தபோது பிறகு பார்க்கலாம் என்று வைத்தேன். அதற்குள் சிடி போடும் பெட்டி கெட்டுப்போனது. அவன்தான் கண்ணெதிரே இருந்தானே, சிடி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இப்போது சிடியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் போட இடமில்லாமல் அலைந்தேன். படம் எடுத்தவன் கடை இருந்த இடத்தில் இப்போது பிள்ளைகள் குடிக்கிற பால் தேத்தண்ணி விற்கிறார்கள். வேறொரு கடையில் ஒரு வாரம் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒரு வாரம் அதை யாரிடமோ விட்டுவிட்டு நான் எப்படி இருப்பேன்? வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுச் செல்வராணிதான் வழி சொன்னாள். நாசி லெமாக் சோறு விற்கிறாளே, அவளே. "புது லெப்டோப்ல சிடி போட தட்டு கிடையாதுக்கா. பழசுலதான் இருக்கும். பழசு வேணும்னா போன்லயே தேடலாம்" என்றாள். அவள் போனில் பழைய சாமான் விற்கிற பக்கம் ஒன்று இருக்கிறது. கட்டில், தொட்டில், சேவல், எல்லாம் விற்கிறார்கள். தினமும் வியாபாரம் முடிந்ததும் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். இரண்டு பேரும் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்ப்போம். பத்து நாளுக்கு என் வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இருந்தது.

முதலில் ஒருவன் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒன்றைப் போட்டிருந்தான். காசை முதலில் பேங்கில் போட்டால் தபாலில் அனுப்புகிறானாம். நான் சரி என்று சொல்லப் போனேன். செல்வராணி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அலமாக், காசை முதல்ல கேக்கிறவன்கிட்ட சாமான் இருக்காது, படம்தான் இருக்கும்" என்றாள். அடுத்தது இங்கேயே, பிளாட் பக்கம். ஒரு மலாய்க்காரத் தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து காட்டினான். தட்டு இருக்கிற இடத்தில் தட்டு இல்லை. அதைக் கழற்றிவிட்டு வேறு ஏதோ பொருத்தியிருக்கிறான். "இப்ப யாரு சிடி பாக்கிறா, மக்சிக்" என்று என்னை அத்தை முறை வைத்துச் சொல்லிச் சிரித்தான். மரியாதையான பிள்ளைதான். சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

மூன்றாவது பொந்தியானில் கிடைத்தது. தட்டு வெளியே நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரியே படம் போட்டிருந்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போனோம். சிடியைத் துண்டில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டேன். விற்றவர் கனகசபை என்று ஒரு பெரியவர், அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குடும்பம் சிலோன்காரர்கள். மகள் புதிது வாங்கிக் கொடுத்துவிட்டாளாம். "பழசுதான், ஆனால் பழுதில்லை. பேட்டரி மட்டும் செத்துப்போச்சு, வயரைக் கழட்டக் கூடாது. காசு தர முந்தி போட்டுப் பாருங்கோ" என்றார். நான் கொண்டுபோன சிடியையே போட்டார். கறகறவென்று சத்தம் போட்டது. பிறகு பிள்ளையார் வந்தார், உன் பேரும் அவன் பேரும் பூவுக்கு நடுவில் வந்தன. போதும் ஐயா, மூடிவிடுங்கள் என்றேன்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "மகன்ட கலியாணமோ? மகன் எங்க வேலை செய்யிறார்?" என்றார். நான் "சிங்கப்பூர்ல" என்று சொல்லிவிட்டேன். செல்வராணி என்னைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். எப்படித் திறப்பது, எதை அமுக்குவது என்று அவர் ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். வாசல் வரை வந்து, "லீவில வரேக்க நல்ல பேட்டரி ஒண்டு வாங்கிப் போடச் சொல்லுங்கோ" என்றார். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.  பஸ்ஸை விட்டு இறங்கும்போது பிஸ்கட் டின்னைச் செல்வராணிதான் வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் ரைஸ் குக்கர் வயரைக் கழற்றிவிட்டு அதில் இதைச் சொருகினேன். முதலில் சிடியைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். பிறகு வந்தது. சாந்தினி, இரண்டு மணி நேரமும் பாட்டு. படம் எடுத்தவன் எல்லாவற்றின் மேலும் பாட்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறான். ரூபன் சிரிக்கிறான், பெரியம்மா மகன் விஜயனைத் தோளில் தட்டி என்னவோ கேலி பண்ணுகிறான், ஐயரிடம் ஏதோ கேட்கிறான். வாய் அசைகிறது, யாரோ பாடுகிறார்கள். தாலி கட்டியதைப் பார்த்தேன். முடிச்சுப் போட அவன் அப்படித் தடுமாறினான் என்று நீ எனக்குச் சொன்னதே இல்லையே. அதற்கும் பாட்டுத்தான். குரல் இல்லாத பிள்ளையைப் பார்க்கவா இரண்டு பஸ் மாறிப் போனேன் என்று மூடிவிட்டேன்.

மறுநாள் மறுபடியும் போட்டேன். பிறகு தினமும் போட்டேன். நாலாவது நாள்தான் அந்த இடத்தைக் கண்டேன். கீழே ஒன்று பதினெட்டு என்று காட்டும்போது ஒரு பாட்டு முடிகிறது, அடுத்தது உடனே தொடங்கவில்லை. இருபது எண்ணுகிற நேரம் கல்யாண மண்டபத்துச் சத்தம் அப்படியே கேட்கிறது. நாற்காலி இழுக்கிறார்கள், ஏதோ குழந்தை அழுகிறது. நீங்கள் இரண்டு பேரும் பெரியவர்கள் காலில் விழ எழுந்து நிற்கிறீர்கள். அப்போது உன் குரல் வருகிறது. "அத்தை எங்க?" என்கிறாய். அவன், "பின்னால அடுப்புப் பக்கம் இருக்காங்க. வா, போலாம்" என்கிறான். நீ சேலையைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து ஒரு காலைப் படியில் வைக்கிறாய். ரூபனின் பெரியம்மா கையைப் பிடிக்கிறாள். "எங்கம்மா போறீங்க ரெண்டு பேரும்? அதெல்லாம் அப்புறம் வீட்டுல பாத்துக்கலாம், நல்ல நேரம் போவுது" என்கிறாள். நீ காலை மேலே எடுத்துக்கொள்கிறாய். அடுத்த பாட்டு வந்துவிடுகிறது.

அவன் குரல் ஆறு வார்த்தை கிடைத்தது. ஆனால் எனக்கு அதைவிட உன் கால்தான் கண்ணிலேயே நிற்கிறது.

நான் அன்று பாயசத்துக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னை அங்கே அனுப்பவில்லை. உன் மாமனார் கனகராஜ் இறந்தபோது ரூபனுக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து நல்ல காரியம் என்றால் நானே பின்னால் போய்விடுவேன். யாராவது போ என்று சொல்வதற்குள் போய்விட்டால் வலிக்காது. அதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். எனக்காக நீங்கள் தேடியிருப்பீர்கள் என்று தோன்றவே இல்லை.

அப்படிப் பழகிய கைதான் விஜயன் புது வீட்டுக்குக் குடிபோன அன்று உன்னிடம் நீண்டது. உனக்கும் நினைவிருக்கும். நீ ஆலாத்தித் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாய். நான் எல்லார் முன்னாலும் அதை உன் கையிலிருந்து வாங்கி விஜயன் பெண்டாட்டியிடம் கொடுத்தேன். "நீ பின்னால போம்மா" என்றேன். வேறு யாராவது சொல்லி உனக்கு வலிப்பதைவிட நானே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன் சாந்தினி. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நீ அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாய். அடுத்த வாரம் ஒரே ஒரு பையோடு, நாலு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று பாலோவுக்குப் போனாய். வெங்காயம் உரித்துக்கொண்டே நீ அழுததை நான் வெங்காயம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது.

என்னை அடுப்புப் பக்கம் தேடி வரப் பார்த்தவள் நீ. உன்னை அதே அடுப்புப் பக்கம் அனுப்பியவள் நான். இதைச் சொல்லத்தான் இத்தனை தாள்.

உன் அம்மாவுக்கு இன்று மாலையே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சம்மதம், முழு மனசோடு சம்மதம். நீயும் அந்தக் குளுவாங் பிள்ளையை ஒரு தடவை நேரில் பார்த்துப் பேசு. உனக்குப் பிடித்தால் சரி என்று சொல். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல், ஆனால் அதற்கு என்னைக் காரணமாக வைக்காதே. ரூபனையும் வைக்காதே. அவன் "வா, போலாம்" என்று சொல்கிற பிள்ளை.

கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு வை. வந்தால் பழக்கத்தில் நான் பின்னால் போகப் பார்ப்பேன், யாரையாவது என்னைப் பிடித்து வைக்கச் சொல். உன் கையிலிருந்து தட்டைப் பறித்த இந்தக் கையாலேயே உன் தலையில் அட்சதை போட வேண்டும். அன்றைக்கு நீ மேடையிலிருந்து இறங்கப் பார்த்தாய். இந்தத் தடவை நீ இறங்க வேண்டாம். நான் முன்னால் வந்து நிற்கிறேன்.

நிறைந்த பூவும் பொட்டுமாக நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், தாயே.

உன் அத்தை,
சந்திரமதி

பின்குறிப்பு: படம் எடுக்கிறவனிடம் முதலிலேயே சொல்லிவை. மேலே பாட்டுப் போட வேண்டாம், பேசுகிறது பேசுகிறபடியே கேட்கட்டும் என்று.