நீ தேய்த்து வைத்த துண்டு

நேற்று கடலூர் பேருந்தில் பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். என் துப்பட்டாவில் நைட்டால் நெடி. எஃகின் உள்ளமைப்பைப் பார்க்க, ஆல்கஹாலில் நைட்ரிக் அமிலம் கலந்து துடைப்போமே, அந்த நெடி. எனக்கே இன்னும் குமட்டும். நீ மட்டும் அலட்டிக்கொள்ளவே மாட்டாய். "கெமிக்கல் கம்பெனிங்களுக்கு நடுவுல, குடிகாட்டுல பொறந்த மூக்குடி இது. இதெல்லாம் ஏறாது" என்பாய்.

சிதம்பரத்து ஆய்வகத்தில் நமக்கு எதிரெதிர் மேசை. நீ கார் உடம்புக்கான புது எஃகுத் தகடு, நான் வெல்டிங் துண்டுகள். சுழலும் தட்டில் துண்டைப் பிடித்துக் கண்ணாடி போல் ஆகும்வரை தேய்க்க வேண்டும். நான் அழுத்திப் பிடித்துச் சட்டென்று முடித்துவிடுவேன். நீயோ கைக்குழந்தைக்கு முகம் கழுவுகிறவள் மாதிரி இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு நிற்பாய். இன்றைக்கு முடியுமா, இல்லை ஆருத்ரா தரிசனம் ஆகுமா என்று கேலி செய்வேன். நீ சிரிப்பாயே தவிர, காரணம் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

காய்ச்சல் என்று ஊருக்குப் போனவள் நீ வரவேயில்லை; நீ போய்விட்டாய் என்ற செய்திதான் வந்தது. பாதியில் நின்ற உன் வேலையை நம் சார் என்னிடம் கொடுத்தார். உன் மேசையில் வேறு யாரும் உட்கார்வதை என்னால் தாங்க முடியாது என்பதால் சரி என்றேன். அன்று மாட்டிக்கொண்டதுதான். என் ஆய்வு அப்படியே கிடக்கிறது. திட்டக்குடியிலிருந்து அப்பா போன் செய்யும்போதெல்லாம், எப்பம்மா முடியும் என்ற ஒரே கேள்வி. ஜன்னல் இல்லாத அந்த அறையில் மூச்சு முட்டும். வெளியே வந்தாலும் முட்டும்.

உன் எஃகும் அப்படித்தான். பழுக்கக் காய்ந்தபோது இருந்த ஆஸ்டினைட் என்ற உள்ளமைப்பு, ஆறும்போது வேறாக மாறிவிட வேண்டும். ஆனால் கொஞ்சம் மட்டும் மாற முடியாமல் கடினமான துகள்களுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறது. வண்டி மோதித் தகடு நசுங்கும்போதுதான் அது இறுகி மாறி, அடியை வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு சிக்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் உன் ஆய்வே. நான் எக்ஸ்ரே கருவியில் வைத்து அளந்தால் நீ எழுதிவைத்த அளவில் பாதிகூட வரவில்லை. எத்தனை துண்டு செய்தும் வரவில்லை.

சார் சலித்துப்போனார். உன் அளவு தவறாகத்தான் இருக்கும், என் அளவைப் போட்டு எழுதி முடி என்றார். எழுதினால், நீ இல்லாததைக் கண்டதாகச் சொன்னவள் ஆகிவிடுவாய். பதில் சொல்ல நீ இல்லை. எழுதாவிட்டால் எனக்கு விடுதலை இல்லை. இந்தப் பேச்சு எப்படியோ உன் அம்மா காதுக்கும் போய்விட்டது. உன் பெட்டியை எடுக்க வந்தவர் வாசலிலேயே நின்று கேட்டார்: "எம்பொண்ணு ஏதும் தப்பா எழுதிட்டாளாம்மா?"

அதன்பிறகு உன் அலமாரியைக் குடைந்தேன். நீ தேய்த்து முடித்த துண்டு ஒன்றே ஒன்று, கறுப்பு வில்லையில் பதித்தது, பஞ்சில் பொதிந்து கிடந்தது. கருவியில் வைத்தேன். உன் அளவு அப்படியே வந்தது. சாரிடம் ஓடினேன். அது வேறு சூட்டில் ஆறிய துண்டாக இருக்கலாம் என்றார் அவர். அப்போதுதான் உன் இரண்டு விரல் ஞாபகம் வந்தது. நான் அழுத்துகிற அழுத்தில், மோதிய வண்டியின் தகட்டில் நடப்பது என் கைக்கு அடியிலேயே நடந்துவிடுகிறதோ? சிக்கியிருந்ததை நானே மாற்றிவிட்டு, காணோம் காணோம் என்று தேடியிருக்கிறேனோ?

அதைக் காட்ட எனக்கு அப்போது தோன்றியது ஒரே வழிதான். நீ தேய்த்த அதே துண்டை நான் என் கையால் திரும்பத் தேய்க்க வேண்டும். உன் விரல் செய்த வேலையில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். ஒரு மதியம் முழுக்க அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு தட்டைச் சுழல விட்டு, என் வழக்கப்படியே அழுத்தினேன். அளவு பாதிக்கும் கீழே விழுந்தது. அதன்பிறகுதான் தோன்றி, என் பழைய துண்டுகளில் அழுத்தம் பட்ட மேற்படலத்தை அமிலத்தில் கரைத்து அளந்தால் உன் அளவு வந்தது. சார் ஒப்புக்கொண்டார். நீ எழுதியது எழுதியபடி நின்றுவிட்டது.

நேற்று அதைச் சொல்லத்தான் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவ தேச்சது ஏதாச்சும் இருந்தா எனக்கு ஒண்ணு குடும்மா" என்றார். துண்டு என் பையில்தான் இருந்தது. கொடுத்தேன். முந்தானையால் துடைத்து, அதில் தன் முகம் தெரிவதைப் பார்த்தார். "எம்மாம் பளபளன்னு தேச்சிருக்கா பாரு" என்று விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அது நான் தேய்த்ததும்மா என்று சொல்ல வாய் வரவில்லை. இனியும் வராது. உனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.