டீச்சருக்குக் கொடுத்த பட்டுப்புடவை

கிளென் ஈடன், ஆக்லாந்து
9.11.2014

அன்பு மகன் தேவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ பெர்த்தில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறோம், இங்கே அப்பாவும் தங்கச்சியும் சுகம், நானும் வலது கையைத் தவிர சுகம். மழையில் பின்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது, பயப்படாதே, எலும்பு கூடிவிடும். அப்பாவுக்குத் தமிழ் எழுத வராது, அதனால் நான் சொல்லச் சொல்ல அஞ்சனாதான் எழுதுகிறாள். தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டோடு இந்த ஊருக்கு வந்தவள், இன்னும் உன்னைவிட நன்றாக எழுதுகிறாள், நான் பேச்சுவாக்கில் சொல்வதைக்கூடத் திருத்திக்கொள்கிறாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறாள், ஏன் என்று மேலே படித்தால் தெரியும். ஃபோனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் அங்கே வெயில் எப்படி, என்ன சமைத்தாய் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

உன் சித்தி மகள் ரத்னாவுக்கு மூன்றாவது மாதம், வாந்தி நிற்கவில்லையாம், ஒரு வார்த்தை பேசு. அப்பா வெஸ்ட்கேட் போய்த் தக்காளி நாற்று வாங்கி வந்து நட்டிருக்கிறார், நத்தை தின்றது போக மிச்சம்தான் நமக்கு. அஞ்சனா அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது உனக்குத் தெரியும். நூறு பேர் கேட்டால் எட்டுப் பேரைக்கூட எடுக்க மாட்டார்களாம். பிளாக்ஹவுஸ் பே பத்மாவதியின் மகனுக்குப் போன வருஷம் கிடைக்கவில்லை, அவள் கோயிலில் என்னை ஓரமாக இழுத்து, “மார்க்கு எல்லார்கிட்டயும்தான் இருக்கு வேதா, டீச்சர் எழுதுற லெட்டர்லதான் இருக்கு விஷயம், நம்ம பிள்ளைங்கள வாய்விட்டுப் புகழ இங்க யாரு இருக்கா” என்றாள். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அங்கே நம் பழைய ஊரில் பல்கலைக்கழகம் போவதற்கான மெட்ரிகுலேஷன் படிப்பில் உனக்கு இடம் இல்லை என்று வந்தபோது நல்லசாமி மாமா, “யாரையாச்சும் போய்ப் பாத்தீங்களா இல்லையா” என்று கேட்டார். மார்க் இருக்கிறது போதும் என்று நான் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ அன்று கதவைச் சாத்திக்கொண்டது எனக்கு மறக்கவில்லை. இவளுக்கும் அப்படி விட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன்.

இவளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத இருந்தவர் இங்கிலீஷ் டீச்சர் மிஸஸ் காலின்ஸ். ஒன்பதாம் ஆண்டிலிருந்து இவளுக்குத் தன் சொந்தப் புத்தகங்களைக் கொடுத்துப் படிக்கவைத்தவர், இவள் எழுதுவதையெல்லாம் படித்து ஓரத்தில் குறிப்பு எழுதித் தருபவர். தீபாவளிக்கு மறுநாள் அவருக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அப்பா, “சும்மா இரு லா, இங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க” என்று தடுத்தார். முறுக்கையும் நெய் உருண்டையையும் டீச்சர் சந்தோஷமாக வாங்கி அங்கேயே ஒன்றைக் கடித்தும் பார்த்தார். அதோடு திரும்பியிருக்கலாம். அடியில் அந்த அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவையை வைத்திருந்தேன், நான் இன்னும் கட்டாதது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, என் மகளுக்கு நல்ல கடிதமாக எழுதுங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் முகம் மாறியது. நான் பேசியது புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு தடவை, மெதுவாகச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

பள்ளியில் அதற்குச் சட்டம் இருக்கிறதாம். டீச்சர் தலைமையாசிரியரிடம் சொல்லியே ஆக வேண்டும், சொல்லிவிட்டார். அஞ்சனாவைக் கூப்பிட்டுப் புடவையைப் பையில் போட்டுக் கொடுத்து, உன்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஆனால் இனி உனக்காக நான் எழுத முடியாது என்று சொன்னபோது அவருக்கும் கண் கலங்கியதாம். இவள் பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். கத்தவில்லை, அழவில்லை. “ஏம்மா, புடவை குடுத்து வாங்குற அளவுக்கா நான் மோசமா படிக்கிறேன்” என்று கேட்டாள். நான் அந்தப் பையை எடுத்து அலமாரிக்கு அடியில் தள்ளி வைத்தேன் தம்பி. இப்போது கணக்கு சார் எழுதப்போகிறார், இந்த வருஷம் வந்தவர், அவருக்கு இவளைத் தெரிந்ததெல்லாம் மார்க்குதான். வெள்ளிக்கிழமை கோயிலில் பத்மாவதி, “டீச்சர் எழுதிட்டாங்களா” என்று கேட்டாள், எழுதுகிறார் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே வந்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ மிஸஸ் காலின்ஸுக்கு ஃபோன் செய்து முறையாகப் பேசு. பள்ளி மூடுவதற்குள் கடிதம் போக வேண்டும். என் அம்மாவுக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது என்று சொல். இந்த இடத்தில் இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், எழுது என்று சொன்ன பிறகு எழுதுகிறாள். வழக்கம் தெரியாது என்பதும் பொய்தான், அப்பா சொல்லியும் நான் போனேன். என்னமோ, உனக்குச் சரி என்று படுகிறபடி சொல்.

பல் வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார். வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே. முருகன் துணையிருந்து நீ தொட்டதெல்லாம் நல்லபடி நடக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம்.

இடது கையால் கோணலாகக் கையெழுத்திடும்
உன் அம்மா
வேதவள்ளி

அண்ணா, அம்மா குளிக்கப் போயிருக்கிறார், இது நான் எழுதுவது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தையையும் விடவில்லை. டீச்சரைக் கூப்பிடாதே, அவர் மனது மாறினால் அவருக்குத்தான் கெட்ட பெயர். கணக்கு சார் தனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுவதாகச் சொன்னார், அதை அனுப்புகிறேன், கிடைத்தால் கிடைக்கட்டும். அம்மாவிடம் நான் கேட்ட அந்தக் கேள்வியை அவர் அப்படியே சொல்லி என்னையே எழுதவைத்தார். எழுதும்போதுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று எனக்குத் தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு இன்னும் வாய் வரவில்லை. நீ ஃபோன் செய்வதானால் அம்மாவுக்குச் செய். வெயிலைப் பற்றிக் கேட்டால் வைத்துவிடாதே.

அஞ்சனா