கணினிக்குள் கடல் சத்தம்

கோலாலம்பூர்
ஜூன் 2009

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தங்கச்சி சிபானா நேரத்துக்குச் சோறு தருகிறாளா? சண்டை முடிந்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். கல்முனை வீதியில் இன்னும் பஸ்ஸை மறித்துச் சோதிக்கிறார்களா?

இங்கே ஒரு சின்ன விசயம். கணினியில் சத்தம் வரச் செய்யும் நிரலைப் பார்ப்பதுதான் என் வேலை. நீளமான சத்தம் எதையாவது ஓடவிட்டால் கணினி அப்படியே உறைந்துவிடும். அந்தப் பிழையைப் பிடிக்க மேலாளர் சந்திரமோகன் கடலின் ஒலிப்பதிவைத் தந்தார். உம்மாவைச் சுனாமி கொண்டுபோனது அவருக்குத் தெரியும். வேறு சத்தம் தரும்படி கேட்டேன்.

“உனக்குத்தான் கடல் பழக்கமாச்சே,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு வேலை செய்தேன். கணினி உறையும்போதெல்லாம் அலையும் அடங்கும். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. சத்தம் ஓடி முடியும் முன்பே அதைத் தாங்கிவைக்கும் நினைவக இடத்தை நிரல் காலி செய்துவிடுகிறது என்று கடைசியில் கண்டுபிடித்துத் திருத்தினேன். இப்போது கணினி உறைவதே இல்லை. மேலாளர் கைகுலுக்கினார். சோதனைக்காக அலைச் சத்தத்தை என் மேசையிலேயே நாள் முழுக்க ஓடவிடச் சொன்னார்.

வேறு ஒலிப்பதிவு கொண்டுவரலாமா என்று கேட்டேன்.

“கொண்டு வா. அழுற சத்தம் மட்டும் வேணாம்,” என்றார்.

அதனால் வாப்பா, சிபானாவிடம் சொல்லி உங்கள் குரலைப் பதிந்து அனுப்புங்கள். மழை, வயல், பள்ளிவாசல் என்று எதையாவது நீளமாகக் கதையுங்கள். உம்மாவைப் பற்றி மட்டும் கதைக்க வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

மகன்
ஜெஸீல்