டிப்ஸை முன்னுக்கே கட்டுங்கோ அண்ணை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

கனடா அண்ணை மாமனார் வீட்டாரோடு எங்கள் கப்பலில் உல்லாசப் பயணம் வந்தார். அவர்களின் அறைகளைத் துப்புரவாக்கியது நான்தான். வரமுதலே போனில், "டிப்ஸை முன்னுக்கே கட்டவோடா?" என்று கேட்டார். "ஓம் அண்ணை, கட்டிவிடுங்கோ" என்றேன். டிக்கெட்டோடு கட்டினால் எனக்குச் சம்பளத்தோடு வரும்; தம்பிக்கு அவர் கையால் காசு நீட்டவேண்டி வராது.

ஆனால் அவர் கட்டவில்லை. அண்ணையின் கலியாணத்துக்கு நான் போகாததால் மாமனார் வீட்டாருக்கு என்னைத் தெரியாது, இவன் என் தம்பி என்று அண்ணையும் சொல்லவில்லை. இறங்கும்போது மாமனாருக்கு முன்னால் இருபது டொலரை நீட்டி, "தாங்க் யூ" என்றார்.

"தாங்க் யூ, சேர்" என்றேன்.

என்னோடு கப்பலில் வேலைசெய்யும் பருத்தித்துறை ஜொனதன் லீவு முடிந்து வருகிறார். குனிந்து குனிந்து முதுகடியில் நாரி நோகிறது, பூசும் எண்ணெய் அவரிடம் கொடுத்துவிடுங்கள். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அண்ணை போன் எடுத்தால், "தம்பியைக் கண்டனியோ?" என்று ஒருக்கால் கேளுங்கள்.

உங்கள் மகன்,
நிமலன்