ஒரு பக்கம் மட்டும் பலகை அடித்த கப்பல்

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

கப்பலுக்கு விலா எலும்புகள் வந்துவிட்டன. மொத்தம் பதினொன்று. நடுவில் நீளமாக ஓடும் அடிக்கட்டையில் வரிசையாகச் செருகி ஒட்டியாயிற்று. மீன் சாப்பிட்டு வைத்த முள் மாதிரி இருக்கிறது. இரண்டு வாரமாகச் சாப்பாட்டு மேசை முழுக்க அதுதான். நான் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். மேசை காலியாக இருந்தால் மட்டும் எதிரே யார் உட்காரப் போகிறார்கள்?

மாதிரிக் கப்பல் பாகங்கள் வந்த பெட்டியிலிருந்த கையேட்டில் முதல் ஆறு பக்கம் பொது அறிவுரை. தாண்டிவிட்டேன். கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் கிளார்க்காக இருந்தவனுக்கு அறிவுரையா? அரிசி, வெங்காயம், கயிறு, சோப்பு எல்லாம் கப்பல் ஏறின. நான் ஏறியதில்லை என்பது வேறு விஷயம்.

மகள் வீட்டில் இருக்கும் மனைவி கதீஜாவுக்குப் படம் அனுப்பினேன். 'மாஷா அல்லாஹ்' என்று வந்தது. அவ்வளவுதான். பேரன் கையில் இருந்திருப்பான்.

13 பிப்ரவரி, வியாழன்

மகள் அஃப்னாவின் பிரசவத்துக்கு நாற்பது நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அக்டோபரில் காத்தோங்கில் அவள் வீட்டுக்குப் போனாள் கதீஜா. நாற்பதும் முடிந்தது, டிசம்பரும் முடிந்தது. "அஃப்னா வேலைக்குத் திரும்பணும்ல, புள்ளைய யாரு பாப்பா?" என்றாள். "உன் இஷ்டம்" என்றேன். என் வாயில் அதுதான் வரும்.

தீவின் அந்தக் கோடியில் அவள். இந்தக் கோடியில், புக்கிட் பாத்தோக்கில், பன்னிரண்டாவது மாடியில் நான்.

16 பிப்ரவரி, ஞாயிறு

தேக்கா கடைத்தொகுதியில் கேசவனோடு டீ. பழைய ஆபீஸ் சிநேகிதர். கப்பல் படத்தைக் காட்டினேன். "அறுபத்தி நாலு வயசுல பொம்மக் கப்பலா? பரவால்லலா நைனா பாய், பேரு என்ன வைக்கப் போறீங்க? கதீஜா எக்ஸ்பிரஸா?" என்று சிரித்தார். பிறகு, "மேடம் எப்ப வர்றாங்க?" என்று கேட்டார். வாரா வாரம் கேட்கிறார். சீக்கிரம் என்றேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

பலகை வேலை தொடங்கிவிட்டது. ஈர்க்குச்சி அகலத்துக்கு மெல்லிய மரக்கீற்றுகள். வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, விலாக்களின் மேல் பசை வைத்து ஒட்ட வேண்டும். முதல் கீற்று முறிந்தது. இரண்டாவது என் விரலோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது படிந்தது! தனியாளாக வீட்டுக்குள் 'அட' என்று சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசியது போல் கேட்டது. நேற்றிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஜன்னல் பக்கமாக ஒட்டுகிறேன். வெளிச்சம் அங்கேதான், படம் நன்றாக விழும்.

2 மார்ச், ஞாயிறு

முதல் நோன்பு. பள்ளிவாசலில் தூக்குவாளியோடு வரிசையில் நின்று கஞ்சி வாங்கி வந்தேன். பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு வாய் தண்ணீர். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் தனியாக நோன்பு திறந்தது இதுதான் முதல் தடவை. கஞ்சி நிறைய மீந்துவிட்டது.

படம் அனுப்பினேன். எட்டுக் கீற்று வரிசையாக, வழவழவென்று. 'ரொம்ப அழகா இருக்கு. நல்லா பொழுது போகுது போல' என்று பதில்.

ஆமாம், நன்றாகப் போகிறது.

14 மார்ச், வெள்ளி

எழுதித்தான் தீர வேண்டும். எத்தனை நாளைக்கு இந்த நோட்டிலும் பொய் எழுதுவது?

அவள் போனது பிரசவத்துக்கு மட்டும் இல்லை. செப்டம்பரில் என் ஆபீஸ் சட்டைகளை, பதினான்கு வெள்ளைச் சட்டைகள், பள்ளிவாசலில் துணி சேகரிக்கிறார்கள் என்று கொடுத்துவிட்டாள். "ரிட்டயர் ஆயாச்சே, எதுக்கு அலமாரிய அடச்சிக்கிட்டு?" என்றாள். நான் திட்டவில்லை. பேசுவதை நிறுத்தினேன். பத்தொன்பது நாள். ஒரே வீடு, ஒரே கட்டில், ஒரு சொல் கிடையாது. என் வாப்பாவும் இப்படித்தான், வீட்டில் சத்தமே வராது என்று ஊரே புகழும். இருபதாம் நாள் அஃப்னாவுக்கு வலி வந்தது. கதீஜா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அப்போதும் நான் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டைக்காகவா? சட்டைக்காகத்தானா?

31 மார்ச், திங்கள்

பெருநாள். காத்தோங் போனேன். பிரியாணி, பேரன், விருந்தாளிகள். கதீஜா புதுச்சேலையில் எல்லாருக்கும் பரிமாறினாள், எனக்கும்.

கிளம்பும்போது அஃப்னா லிஃப்ட் வரை வந்தாள். "வாப்பா, ஒண்ணு சொல்றேன், உம்மாகிட்ட கேக்காதீங்க. பேபி பிப்ரவரில இருந்து இன்ஃபன்ட் கேர் போறான், பகல் பூரா அங்கதான் பாத்துக்குறாங்க. எங்க ப்ளாக்குக்குக் கீழயே இருக்கு. ஐ டோண்ட் நீட் ஹெல்ப், வாப்பா. உம்மாதான் போக மாட்டேங்குறாங்க."

ரயிலில் எல்லாரும் பெருநாள் உடுப்பில் குடும்பம் குடும்பமாக. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடம் இருந்தது.

13 ஏப்ரல், ஞாயிறு

நாசமாப் போச்சு.

ஜன்னல் பக்கம் முழுதும் முடித்துவிட்டேன், இருபத்திரண்டு கீற்று. இன்று மறுபக்கம் தொடங்கலாம் என்று கப்பலை மேசையில் நிறுத்தினால் நிற்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தேன். அடிக்கட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறது. முன்பக்கம் ஒரு திசை, பின்பக்கம் ஒரு திசை.

தாண்டிய ஆறு பக்கத்தை இன்றுதான் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், தடித்த எழுத்தில்: இடப்பக்கம் ஒரு கீற்று, வலப்பக்கம் ஒரு கீற்று, மாறி மாறித்தான் ஒட்ட வேண்டும். ஒரே பக்கமாக ஒட்டிப் போனால், காயும் பலகை இழுத்து அடிக்கட்டையையே திருகிவிடும். முட்டாளா நீ? படத்துக்கு நல்லா இருக்கணும்னு அந்தப் பக்கத்த மட்டும் கட்டிக்கிட்டே போனியேடா.

மாலையில் கதீஜா, 'இந்த வாரம் படம் வரலையே' என்று அனுப்பியிருந்தாள். போன வாரம் எடுத்த இன்னொரு படத்தை அனுப்பினேன். 'அழகு' என்றாள்.

20 ஏப்ரல், ஞாயிறு

பழைய படம் இன்னும் இரண்டு இருக்கிறது.

1 மே, வியாழன்

பத்து மணிக்கு அழைப்பு மணி. பார்சல்காரன் என்று திறந்தால், கதீஜா! அவளிடம் சாவி இருக்கிறது. இருந்தும் மணி அடித்தாள்.

"அஃப்னாவுக்கு லீவு. சும்மா பாத்துட்டுப் போலாம்னு," என்றாள். உள்ளே வந்ததும் கப்பலைப் பார்த்தாள். படத்தில் பார்த்த பக்கம். முகம் மலர்ந்தது. மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். வெறும் விலா.

"இந்தப் பக்கம் என்னாச்சு?"

"ஒனக்கு அனுப்புறதுக்கு அந்தப் பக்கத்தத்தான் செஞ்சேன். இப்பத் திருகிப் போச்சு."

சிரித்தாள். நெடுநாள் கழித்துக் கேட்ட சிரிப்பு. பிறகு அடுப்படிக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள். முட்டை, ரொட்டி, ஊறுகாய். சிரிப்பு நின்றுவிட்டது. "நல்லா சாப்பிடுறேன்னு சொன்னீங்க. நீங்க இங்க ராஜா மாதிரி இருக்கீங்கன்னு நெனச்சேன். நான் இல்லாம நிம்மதியாக் கப்பல் கட்டுறீங்கன்னு."

இல்லை என்று தலையாட்டினேன். தலையாட்டினால் போதுமா? வாயைத் திறந்து சொன்னேன்: "சட்டை விஷயத்துல நான் செஞ்சது தப்பு."

அவள் குளிர்பெட்டிக் கதவை மூடவே இல்லை. "பத்தொம்பது நாளு," என்றாள். "எனக்குக் காது கேக்குதான்னே சந்தேகமாப் போச்சுங்க. கொழாயத் தொறந்து விட்டுத் தண்ணிச் சத்தம் கேக்குதான்னு பாத்தேன். தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. என் பெண்டாட்டியை நான் என்ன செய்திருக்கிறேன்.

முட்டை பொரித்தாள். இருவரும் அடுப்படியில் நின்றே சாப்பிட்டோம். லிஃப்ட் வந்தபோது, "வீட்டுக்கு வா, கதீஜா" என்றேன். முப்பத்தாறு வருஷத்தில் நான் அவளிடம் எதையும் கேட்டதில்லை, அவளாகவே செய்துவிடுவாள். "பாக்கலாம்" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

4 மே, ஞாயிறு

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்?

10 மே, சனி

இருபத்திரண்டு கீற்றையும் பிரித்தேன். வெந்நீரில் நனைத்த துணியை மேலே போட்டு, பசை இளகியதும் சமையல் கத்தியால் ஒவ்வொன்றாக. ஒன்பது முறிந்தன. அடிக்கட்டையை ஈரத்தோடு இரண்டு கனமான அகராதிகளுக்கு நடுவே இறுக்கி வைத்திருக்கிறேன். நிமிருமோ என்னவோ.

படம் எடுத்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், முறிந்த குவியல் எல்லாம். அனுப்பினேன். அரை மணி கழித்து, 'சாப்பிட்டீங்களா?'

'இல்லை. தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை' என்று எழுதினேன். அனுப்பும் பொத்தானை அமுக்க வெகுநேரம் ஆயிற்று.

1 ஜூன், ஞாயிறு

அடிக்கட்டை முக்கால்வாசி நிமிர்ந்திருக்கிறது. இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மறுபடி ஆரம்பம். மெதுவாகத்தான் போகிறது. கேசவன் இன்று எதுவும் கேட்கவில்லை. நானே சொன்னேன்: "கோவிச்சுக்கிட்டுத்தான் போயிருக்கா. என் மேலதான் தப்பு." கேசவன் எனக்கு இன்னொரு டீ சொன்னார்.

22 ஜூன், ஞாயிறு

புதன்கிழமை வந்தாள், ஒரு பையோடு. எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இன்று காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள், ஒட்டிய கீற்றுகள் நகராமல் நான் மாட்டி வைத்திருந்த துணிக் கிளிப்புகளை எல்லாம் கழற்றி, சேலை காயப்போட்டிருக்கிறாள். இரண்டு கீற்று தூக்கிக்கொண்டு நின்றன. எனக்கு வழக்கம்போல் வாய் அடைத்துக்கொண்டது. அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். அடுப்படியில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவத்தான் திறந்திருப்பாள். அப்படித்தான் இருக்கும். ஆனால் என்னால் உட்கார முடியவில்லை.

வெளியே வந்து கத்தினேன். "யாரக் கேட்டு எடுத்தே?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கிளிப்பு யாரு வாங்குனது? துணி காயப்போட ஒங்க கப்பல்கிட்ட பர்மிஷன் கேக்கணுமா?"

"ஒட்டி ஒரு நாள்கூட ஆகலடி!"

"அப்ப ஒட்டிருக்குன்னு வாயத் தொறந்து சொல்லணும்!"

அரை மணி நேரம். தொண்ணூற்றிரண்டில் அவள் தம்பி கல்யாணத்துக்கு நான் தாமதமாகப் போனதுகூட வந்துவிட்டது. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கடைசியில் கதீஜா ஒரு குவளைத் தண்ணீர் குடித்து, பாதியை எனக்கு வைத்தாள்.

எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவளுக்கும்தான்.