மின்கம்பமும் அம்மாவின் மேமோகிராமும்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். வழக்கமாக இந்த வரியை யோசிக்காமல் எழுதிவிடுவேன், இந்த முறை டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகுதான் எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை! அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

மூன்று வாரத்துக்கு முன் அம்மாவுக்கு மார்பில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்பட்டது, மேமோகிராம் எடுத்தோம். டாக்டரம்மா படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார், புற்றுநோய் இல்லாத சாதுவான கட்டி என்றால் பெரும்பாலும் ஓரம் வழவழப்பாக இருக்குமாம், இதுவோ நாலா பக்கமும் முள் முள்ளாக நின்றது, சந்தேகப்படத்தான் வேண்டியிருக்கிறது என்றார். அந்த இடத்தில் எப்போதாவது அடி பட்டதா என்று கேட்டார், உன் அம்மா கண் இமைக்காமல் இல்லவே இல்லை என்றாள். இங்கேதான் உனக்கு ஒரு உண்மை சொல்ல வேண்டும். போன வருஷம் கார் பிரேக் பழுதாகி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது என்றோமே, அது பொய். அம்மா காரைக் கொண்டுபோய் மின்கம்பத்தில் மோதிவிட்டாள். உனக்குத் தெரிந்தால் இனி ஓட்டவே விடமாட்டாய் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள், எல்லோரிடமும் அதே கதையைச் சொல்லிச் சொல்லி டாக்டரிடமும் மறைக்கத்தான் வாய் வந்தது. நான் பொறுக்க முடியாமல் போட்டு உடைத்தேன், சீட் பெல்ட் அழுத்தி மார்பில் குறுக்கே ஒரு மாதம் கன்றிப்போய் இருந்தது என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கட்டி பெல்ட் போன கோட்டிலேயே இருந்தது, நடுவில் கொழுப்பு தெரிந்தது. கொழுப்பு நசுங்கித் தழும்பானாலும் படத்தில் இப்படி முள்ளாகத் தெரியுமாம், ஆனாலும் ஊகத்தை நம்பி வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று சொல்லி, ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

நேற்று காலை ரிசல்ட் வந்தது. செத்த கொழுப்பும் தழும்பும்தான், புற்றுநோய் இல்லை, படம் சொல்வதும் ஊசி சொல்வதும் ஒத்துப்போகிறது என்றார். ஆறு மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்தால் போதுமாம். நான் ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே தேம்பித் தேம்பி அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அம்மா அழவில்லை, என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி வீடு வரை அவளே ஓட்டினாள்.

நீ நீடூழி நன்றாக இரு. டாக்டர் எது கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல், அம்மா புத்தி உனக்கு வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் போட்டு அவளைத் திட்டுவாய் என்று தெரியும். திட்டு, ஆசை தீரத் திட்டு. திட்டு வாங்க அவள் இருக்கிறாள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா